காது வைத்த வண்டி

ஆர்.சி. புத்தகத்தில் தனியார் உபயோகம் என்றுதான் இருக்கிறது.
எந்தப் போருக்கும் போகாத வண்டி.
மலைத் தோட்டம் ஒன்று புதிதாக வாங்கி,
நாற்பது வருஷம் தேயிலை மூட்டை சுமக்கவிட்டு,
ஏலத்தில் தள்ளியபோது
மாட்டு டாக்டர் நான் எடுத்தேன்,
ஸ்கூட்டர் விலைக்கு நாலாயிரம் கூடக் கொடுத்து.

ஆனால் வரைந்த கை பழைய கைதான்.
குண்டு விழுந்தால் குதிக்க வேண்டுமே என்று
கதவே வைக்காத கை.
அதே கைதான் ஓட்டுகிறவளின் இருக்கைக்கு அடியில்
பெட்ரோல் தொட்டியையும் வைத்திருக்கிறது.
அவன் எதற்குப் பயந்தான், எதற்குப் பயப்படவில்லை
என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

முன்கண்ணாடி மடிந்து பானெட்மேல் படுக்கும்,
துப்பாக்கிக்கு வழிவிட்டு.
அது தலைவைக்க இரண்டு மரக்கட்டை.
மூலைக்கரைப்பட்டி டீக்கடையில்
அதன்மேல்தான் கிளாஸை வைக்கிறேன்.
வட்டம் வட்டமாகக் கறை.

டாஷ்போர்டில் தகரம் வைத்து அடைத்த ஒரு துளை.
"இருட்டடிப்பு சுவிட்சுக்கு உள்ள எடம் டாக்டர்.
சுவிட்சு வைக்கல, ஓட்டைய மட்டும் விட்டுட்டான்"
என்றார் மேலப்பாளையம் மீரான்.
விமானம் பார்த்துவிடாமல் ஊர்ந்துபோக
ஒரு சொட்டு வெளிச்சம் வரவேண்டிய இடம்.
இப்போது அங்கே போன் சார்ஜ் ஆகிறது.
ராத்திரி இரண்டு மணிக்கு
கன்று குறுக்கே கிடக்கிறது என்று அழுகிறவர்கள்
அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறார்கள்.

பின்னால் எண்ணெய் கேன் மாட்டும் சட்டம்.
அது சதுரம், என் நைட்ரஜன் குடுவையோ உருண்டை.
மீரான் லாரி ட்யூபை வெட்டி நாலு மூலையிலும் திணித்தார்.
காங்கேயமும் ஜெர்சியும் முர்ராவும்
வைக்கோல் தடிமன் குழல்களில் உறைந்து கிடக்க,
பள்ளத்தில் விழும்போதெல்லாம்
வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போகிறோம்.
பையன்கள் பட்டாளம் பட்டாளம் என்று
பின்னாலேயே ஓடிவருகிறார்கள்.

ஐப்பசியில்
முனைஞ்சிப்பட்டிக்குப் போகிற வழியில்
குளத்துக்கரைச் சகதியில் இறங்கிவிட்டது.
நாலு சக்கரமும் சேர்ந்து உந்தி
நாலு குழி தோண்டியதுதான் மிச்சம்.
தூரத்தில் விஜயநாராயணத்துக் கோபுரங்கள்
கடலுக்கு அடியில் இருக்கிற யாரோடோ
பேசிக்கொண்டு நின்றன.

நூறு நாள் வேலைக்காரிகள் ஓடை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
"சவம் உக்காந்துட்டா?"
முதலில் வந்தவள் ஆவுடைத்தங்கம்.
கை ஒழிய வேண்டுமென்று
தன் மண்வெட்டியை வண்டியின் விலாவில் இருந்த பூணில் செருகினாள்.
அது நிற்கவில்லை.
நெட்டுக்குத்தாக நீண்ட சீமை மண்வாரிக்குச் செய்த பூண்;
கழுத்து வளைந்த நம்மூர் இரும்பு
தலைகீழாகச் சுற்றி அவள் காலடியில் விழுந்தது.
எல்லோரும் சிரித்தார்கள்.
விழுந்த மண்வெட்டியும் சிரித்த மாதிரிதான் கிடந்தது.

யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.
பக்கத்துக்கு இரண்டு கைப்பிடிகள்,
இத்தனை வருஷத்தில் நான்
கயிறு கட்ட மட்டுமே தொட்டவை.
எட்டுக் கை நேராக அதற்குப் போனது.
மற்றவர்கள் பின்னால் தோள் கொடுத்தார்கள்.
ஒரு ஏலேலோ இல்லை, ஒன்று இரண்டு மூன்று இல்லை,
ஒரே ஒரு "ம்".
வண்டி கட்டாந்தரையில் இருந்தது.

ஆவுடைத்தங்கம் கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள்,
சந்தையில் அண்டாவைப் பார்க்கிறவள் மாதிரி.
"தூக்குறதுக்குன்னே காது வச்சிருக்கான்.
எவம்மா இவன்?"
"பட்டாளத்துக்குன்னு வரைஞ்ச வண்டிக்கா."
"அப்ப அவனுக்கும் சகதிதானா" என்றாள்,
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.
பூணின் பச்சைப் பெயின்ட் கொஞ்சம் அதோடு போயிற்று.

முனைஞ்சிப்பட்டியில் மாட்டுக்குப் பருவம் தப்பியிருந்தது.
இருபத்தொரு நாள் கழித்து வருகிறேன் என்றேன்.